மூன்று எண்ணும் வரை

காலை ஏழு மணிக்குக் காணிக்கைராஜ் தன் உடம்பைக் கொடுத்துவிடுவான். மாலை நான்கு மணிக்குத் திருப்பி வாங்கிக்கொள்வான். நடுவில் உள்ள ஒன்பது மணி நேரமும் அவன் கை, கால், கண், நாக்கு எல்லாம் கோயம்புத்தூரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இந்துமதி என்கிற பெண்ணின் வசம். அவள் அங்கே விரலை மடக்கினால் இங்கே இவன் விரல் மடங்கும். அவள் குனிந்தால் இவன் குனிவான். பிடரியில் ஒட்டியிருக்கும் நாலு விரல் அகலப் பட்டை ஒன்றுதான் இத்தனைக்கும் காரணம்.

தேரிக்காட்டுச் செம்மண் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த இறால் கம்பெனி. இறாலை உறைய வைப்பதற்கு அம்மோனியா ஓடும் குளிர் இயந்திரங்கள் உண்டு. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எவனும் அந்தப் பொட்டலுக்கு வந்து குடியிருக்க மாட்டேன் என்றான். இயந்திரக் கைகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். உப்புக்காற்று ஆறு மாதத்தில் அவற்றின் மூட்டுகளைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் பட்டை வந்தது. வேலை தெரிந்தவர்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே, வேலை தெரியாதவர்களின் உடம்பில் ஏறி வேலை பார்த்தார்கள்.

ஆள் எடுத்த அன்று சூப்பர்வைசர் கிங்ஸ்லி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விளக்கினான்.

"மெஷின் கை துருப்பிடிச்சுப் போச்சுவே. ஒங்களுக்குத் துருப்பிடிக்காது. ராத்திரி சோத்தத் தின்னுட்டு ஒறங்குனா காலையில புதுசா வந்து நிப்பிய. இதவிட நல்ல மெஷினு எவன் செஞ்சிருக்கான்?"

எல்லோரும் சிரித்தார்கள். காணிக்கைராஜும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் இடது கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தான். அப்போது அவனுக்கு எழுத்துத் தெரியாது.

'ஏறுவது' என்பது ஊர் வைத்த பேர். "ஏறிட்டாவளா?" "இன்னும் ஏறல." பேயைச் சொல்கிற மாதிரியே சொன்னார்கள். உண்மையும் அப்படித்தான் இருந்தது. ஏழு மணிக்குப் பிடரியில் ஒரு சில்லிப்பு ஓடும். அடுத்த நொடி, நின்றுகொண்டிருந்த பலகையை யாரோ காலடியிலிருந்து உருவிவிட்ட மாதிரி இருக்கும். விழவும் மாட்டான். கால் நிற்கும், ஆனால் நிற்பது அவன் இல்லை. ஈ வந்து இமையில் உட்காரும், ஓட்ட முடியாது. மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. வலி மட்டும் பங்கு போடாமல் முழுசாக அவனுக்கே வரும். மூன்று வருஷம் ஆகியும் அந்த நொடி அவனுக்குப் பழகவில்லை. 

சபையில் இதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. தேவன் கொடுத்த சரீரத்தை இன்னொருத்தன் ஏறிக்கொள்ள விடுவது பாவம் என்று சிலர் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். சபைக் குருவானவர், ஊரில் எல்லோரும் ஐயர் என்று கூப்பிடுகிற எட்வின் ஐயர், கம்பெனிக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்து பிரசங்க பீடத்திலிருந்து தீர்ப்புச் சொன்னார்.

"இடது கட்டைவிரலில் யாரும் ஏறுவதில்லை. அது உங்களுடையது. ஆள்காட்டி விரலில் ஒரு வளையம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் கட்டைவிரலை வைத்து மூன்று எண்ணும் வரை அமுக்கினால் ஏறினவர் இறங்கிவிடுவார். ஆகவே சித்தம் உங்களிடமே இருக்கிறது. இதில் பாவம் இல்லை."

சும்மா அமுக்கிப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். காரணமில்லாமல் அமுக்கினவனுக்கு மறுநாள் வேலை இல்லை.

காணிக்கைராஜும் இந்துமதியும் கட்டைவிரலுக்கு வேறொரு உபயோகமும் கண்டுபிடித்திருந்தார்கள். அவள் குரல் அவன் காதில் கேட்கும். பதில் சொல்ல அவன் வாய் அவனிடம் இல்லை. ஆகவே அவள் கேட்பாள், அவன் கட்டைவிரலால் வளையத்தைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

"அண்ணா, தண்ணி குடிக்கறீங்களா?" ஒரு தட்டு. அவள் அவன் கையைத் தூக்கி அவனுக்குத் தண்ணீர் புகட்டுவாள்.

"முதுகு வலிக்குதுங்களா? கொஞ்சம் நிமிர்ந்துக்கட்டுமா?" ஒரு தட்டு.

"என்னைப் புடிக்குதுங்களா, இல்ல முன்னாடி ஏறுனவரு தேவலையா?" இரண்டு தட்டு. "ரெண்டு கேள்வி ஒண்ணாக் கேட்டுட்டேன். எதுக்கு இல்லன்னீங்க?" என்று தனியாகச் சிரிப்பாள். நல்ல பெண். முகம் பார்த்ததில்லை.

*

ஞானதிரவியம் இறந்து ஒரு வருஷம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் வளாகத்தில் அவன் பேரில் ஒரு கல்லை நட்டார்கள். கறுப்புக் கல். வெள்ளை எழுத்து. 'தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்தவர்' என்று அதில் இருந்தது. சபையின் மாலை வகுப்பில் எழுத்துக் கற்ற காணிக்கைராஜ் அதைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஜெபமே முடிந்துவிட்டது.

ஞானதிரவியமும் பட்டை ஒட்டியவன்தான். போன வருஷம் கம்ப்ரசர் அறையில் அம்மோனியா கசிந்தபோது, ஏறியவர் அவனை உள்ளே நடத்திப் போனார். கசிவு நின்றது. ஞானதிரவியம் வெளியே வரவில்லை. கடைசிவரை அவன் வளையத்தை அமுக்கவே இல்லை, தெரிந்தே உயிரைக் கொடுத்தான் என்று கம்பெனியின் பதிவு சொன்னது. சபைக்கு அதைக் கேட்டுக் கண்ணீர் வந்தது.

அன்றைக்குப் பிரசங்கம் கீழ்ப்படிதலைப் பற்றி. மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப் போன தகப்பனைப் பற்றி ஐயர் உருக்கமாகப் பேசினார். தகப்பன் விறகு அடுக்கினான், தகப்பன் கத்தியை எடுத்தான், தகப்பன் கலங்கவில்லை. காணிக்கைராஜுக்கு அந்தத் தகப்பன்மேல் ஒரு குறையும் இல்லை. கட்டையில் படுத்துக் கிடந்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் சின்ன வயசிலிருந்து அவன் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அவன் வயிற்றில் இருக்கும்போது அவன் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து முற்றிவிட்டது. பிழைத்தால் இந்தப் பிள்ளையை ஊழியத்துக்கு விடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினாள். பிழைத்தாள். காணிக்கை என்றே பேர் வைத்தாள். பிள்ளைக்கோ படிப்பு ஏறவில்லை. உப்பளம், செங்கல் சூளை, மீன் வண்டி என்று எங்கெங்கோ சுமந்து திரிந்து நாற்பது வயதாகிவிட்டது. அம்மா கண்ணை மூடும்போது கூட, "ஒன்னக் கர்த்தருக்குன்னு சொல்லிட்டேன்டா, நான் போயி என்ன பதில் சொல்லுவேன்" என்றுதான் கேட்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "காணிக்கை, நில்லு" என்றாள் தங்கப்புஷ்பம். ஞானதிரவியத்தின் மனைவி. அதே கம்பெனியில் இறால் உரிக்கிறவள்.

"என்னக்கா."

"கல்லப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாருக்கு."

"எனக்கு அதப் பாத்தா வயித்தெரிச்சலா வருது." தங்கப்புஷ்பம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வருசமா ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். அன்னைக்கு அவிய பக்கத்துல நீதான நின்ன. அவிய அந்த வளையத்த அமுக்குனாவளா?"

காணிக்கைராஜின் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது.

"நான் பாக்கலக்கா. என் கண்ணே அன்னைக்கு என் வசத்துல இல்லியே."

"அமுக்கப் பாத்த மாதிரி கூட இல்லியா?"

"இல்லக்கா."

"அப்ப மனசாரத்தான் போயிருக்காவ." தங்கப்புஷ்பத்தின் முகம் இறுகிவிட்டது. "நாலு புள்ளயளயும் என் தலையில போட்டுட்டு மனசாரப் போயிருக்காவ. பெரிய தியாகி. காலையில எங்கிட்ட சொல்லிக்கிட்டு கூடப் போகல."

அவள் போய்விட்டாள். காணிக்கைராஜ் இன்னொரு செருப்பைத் தேடாமல் அங்கேயே நின்றான்.

அவன் பார்த்திருந்தான். அன்றைக்கு அவனிடம் ஏறியிருந்தவன் அவன் கண்ணைக் குழாயைப் பார்க்க வைத்திருந்தான். குழாயை ஒட்டி, பார்வையின் ஓரத்தில், முன்னால் போன ஞானதிரவியத்தின் இடது கை தெரிந்தது. கட்டைவிரல் வளையத்தின்மேல் இருந்தது. சும்மா இல்லை. நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுந்தி இருந்தது. காணிக்கைராஜ் மனதுக்குள் எண்ணினான். மூன்று கடந்தது. ஞானதிரவியத்தின் கால்கள் நிற்கவில்லை. வாசலைத் தாண்டிப் புகைக்குள் போயின.

யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்பது ஒரு காரணம். சபையே கண்ணீர் விட்ட ஒன்றை எப்படிப் பொய் என்று சொல்வது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், அது உண்மை என்றால் தன் கையில் இருக்கிற வளையமும் வெறும் வளையம்தான். அதை நினைக்க அவனுக்குத் திடம் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தது, தவறாகப் பார்த்திருப்பேன் என்று தினமும் காலையில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

*

மறுநாள் திங்கள்கிழமை. பதினொரு மணி இருக்கும். தண்டவாளத்தில் இரும்பு உரசினாற்போல ஒரு சத்தம் கேட்டது. உடனே சங்கு ஊதியது. உரிப்புக் கூடத்தின் இரும்புக் கதவுகள் தாமாகவே தடதடவென்று இறங்கின. அம்மோனியா வெளியே பரவாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கசிவு நின்றால்தான் அவை மறுபடி ஏறும். கூடத்துக்குள் முப்பத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள். குளிர்க் குழாய்களோ அந்தக் கூடத்தின் கூரை வழியாகத்தான் போகின்றன.

"அண்ணா, கேக்குதுங்களா?" இந்துமதியின் குரல் மாறியிருந்தது. "பெரிய டேங்க்ல இருந்து போற குழாய் விட்டுப்போச்சு. மோட்டார் வேலை செய்யலை. வால்வைக் கையாலதான் மூடோணும். கிட்டத்துல இருக்கறது நீங்கதான். போகச் சொல்லி மேல இருந்து உத்தரவு வந்துருச்சு."

அவன் மூக்கையும் வாயையும் மூடும் சாதாரண முகமூடி மாட்டியிருந்தான். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. காற்று உருளையோடு போகிற நல்ல முகமூடி டேங்க் அறைக்குள்தான் தொங்கியது, புகைக்கு அந்தப் பக்கம்.

இரண்டு தட்டு தட்டினான்.

"வேண்டாங்கறீங்க. தெரியுதுங்ண்ணா."

கால்கள் நடக்கத் தொடங்கின.

நடை ஒழுங்காக இல்லை. முழங்கால் நடுங்கியது. இந்த நடுக்கம் என்னுடையது இல்லையே என்று ஒரு கணம் திகைத்தான். ஆமாம், அது அவளுடையது. அவன் பயம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கத்தினான், வாய் திறக்கவில்லை. பின்வாங்கினான், கால் முன்னே போனது. கிணற்றுக்குள் விழுந்த பூனை சுவரைப் பிறாண்டுவதைப் போலத் தன் உடம்புக்குள்ளேயே பிறாண்டிக்கொண்டு கிடந்தான். கண்ணுக்கு எதிரே நடைபாதை, அதன் கடைசியில் டேங்க் அறை, வாசலில் வெள்ளையாகத் தரையோடு ஊர்ந்து வரும் புகை.

கட்டைவிரலை வளையத்தில் வைத்து அமுக்கினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கால்கள் நடந்தன.

நான்கு. ஐந்து. ஆறு.

அப்போது அவனுக்கு வந்த பயத்துக்குப் பேர் இல்லை. தவறாகப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகத் தெரிந்தே வைத்திருந்தது சரிதான். ஒன்பது. பத்து. புகையின் காரம் கண்ணில் பட்டது. இமையை மூடக்கூட அவனால் முடியவில்லை.

"அண்ணா." இந்துமதி அழுதுகொண்டிருந்தாள். "நீங்க அமுக்குறது தெரியுதுங்க. இங்க செவப்பு விளக்கு எரியுது. அது எங்களை இறக்கி விடாதுங்க. இறங்கலாமான்னு மேல கேக்கும், அவ்ளோதான். நான் கேட்டேன். வேண்டாங்கறாங்க. முப்பத்தெட்டு பேர் இருக்காங்க, ஒருத்தர் போனாப் பரவால்லங்கறாங்க. கணக்கு சரிதானுங்களாமா."

பதினேழு. பதினெட்டு. அமுக்குவதை அவன் விடவில்லை. விரல் எலும்பே உடைந்துவிடும் போல இருந்தது.

"என்னால ஆகாதுங்க" என்றாள் அவள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

இருபத்து மூன்றில் பிடரி சுட்டது. அவன் குப்புற விழுந்தான். கை தரையில் உராய்ந்தது. அது அவன் கை.

"இறங்கிட்டேன். ஓடுங்க அண்ணா."

ஓடினான். திரும்பிப் பார்க்காமல், முகமூடி ஒரு பக்கம் தொங்க, வாயில் எச்சில் ஒழுக ஓடினான். கேட்டுக்குப் பக்கத்தில் காற்றுக்கு எதிர்ப்புறமாகக் கிங்ஸ்லியும் நாலைந்து பேரும் நின்றார்கள்.

"ஏல, மூடிட்டியா?"

"இல்ல."

கிங்ஸ்லி போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கூட நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். உரிப்புக் கூடத்தின் இரும்புக் கதவை உள்ளிருந்து கைகளால் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் பலமாக. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக.

அப்போது அவன் நெஞ்சில் விசுவாசம் பொங்கியது என்று எழுதினால் அது பொய். ஒரு வசனமும் ஞாபகத்துக்கு வரவில்லை. தங்கப்புஷ்பம் உள்ளே இருக்கிறாள் என்பது மட்டும்தான் வந்தது. நேற்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறோம். புருஷன்மேல் வைத்த அந்தக் கோபத்தோடேயே அவள் செத்துப் போவாள். கடைசியில் அவளிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டது, இன்னும் ஐந்து நிமிஷத்தில் சொல்லவே முடியாததாகிவிடும்.

திரும்பினான். நடுக்கத்தில் ஒரு கால் இன்னொரு காலைத் தட்டியது. இந்த முறை அது அவனுடைய நடுக்கம்தான்.

"தாயி, இருக்கியா?"

"இருக்கேனுங்ண்ணா. எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. எந்திரிக்கலை. நீங்க எங்க போறீங்க?"

"வால்வ எந்தப் பக்கம் திருப்பணும்?"

 அந்த வால்வை அவன் கை நூறு தடவையாவது திருப்பியிருக்கும். ஆனால் கைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வருஷ வேலையில் அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

"நான் ஏறட்டுங்களா? உங்களுக்குப் பழக்கமில்லீங்களே."

"ஏற வேண்டாம். சொல்லு. நான் செய்யுதேன்."

"சோத்துக்கைப் பக்கமாங்க. பதினோரு சுத்து. கடைசி ரெண்டு சுத்து இறுக்கமா இருக்கும், விட்றாதீங்க. கண்ணை மூடிக்குங்க, தடவிப் போங்க, நான் வழி சொல்றேன். அஞ்சு எட்டு வையுங்க. குனியுங்க. இடது பக்கம் குழாய்."

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனான். மூடியும் பயனில்லை, மிளகாயை அரைத்து இமைக்குள் அப்பியது போல எரிந்தது. தொண்டை அடைத்தது. சக்கரம் கையில் பனிக்கட்டியாய்ச் சுட்டது, உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டது. "அப்பா, பயமா இருக்கு" என்றான். அதற்கு மேல் ஜெபிக்க வரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அதையே சொன்னான். அப்பா, பயமா இருக்கு. அப்பா, பயமா இருக்கு. காதுக்குள் இந்துமதி எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தாவது சுற்றில் சக்கரம் நின்றுவிட்டது. உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டான். நகர்ந்தது.

"பதினொண்ணு" என்றாள் அவள். இரும்புக் கதவுகள் மேலே ஏறும் சத்தம் தூரத்தில் கேட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு நினைவில்லை.

*

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு எல்லாம் நீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது. குரல் கரகரத்து ஒரு கிசுகிசுப்பாகிவிட்டது. பெண்கள் முப்பத்தெட்டுப் பேரும் பிழைத்தார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு எட்வின் ஐயரும் கிங்ஸ்லியும் சேர்ந்து வந்தார்கள். கிங்ஸ்லியின் கையில் ஒரு காகிதம் இருந்தது.

"ஒண்ணுமில்லவே. சும்மா ஒரு கையெழுத்து. அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணு பயந்துபோயி பாதியில எறங்கிட்டு. நீ பயப்படல. நீயா உள்ள போன. கடைசி வரைக்கும் நீ வளையத்த அமுக்கலன்னு ரிக்கார்டு இருக்கு. அதையே நீயும் எழுதிக் கொடுத்துட்டா வேல முடிஞ்சுது."

"அவ என்னானா?"

"யாரு? ஓ, அவளா. அவள நிறுத்தியாச்சு."

"நான் அமுக்குனேன்" என்றான் காணிக்கைராஜ்.

கிங்ஸ்லி ஐயரைப் பார்த்தான். ஐயர் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

"தம்பி, அந்த நேரத்துல விரல் எங்க இருந்துன்னு யாருக்குத் தெரியும்? நீ உள்ள போன. அதுதான் முக்கியம். ஒன் தாயார் ஒன்னை ஒப்புக்கொடுத்தது இந்தச் சபைக்கே தெரியும். நாற்பது வருஷம் கழிச்சுக் கர்த்தர் அத நிறைவேத்தியிருக்காரு. வர்ற ஞாயிறு நீ வந்து ஒரு சாட்சி சொல்லு. சின்னப் பிள்ளையள் கேக்கணும்."

அவனுக்கு ஆசையாக இருந்தது. அதை மறைப்பானேன். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் போய்ச் சொல்லத் தேடிக்கொண்டிருந்த பதில் இதோ இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் போதும். வாழ்நாளில் முதன்முறையாக அவன் பேரை நல்ல விதமாகச் சொல்லப் போகிறார்கள். போடாவிட்டால் அவன் மாட்டேன் என்றவன், ஓடினவன், ஒரு வருஷமாக ஒரு விதவைக்கு உண்மையை மறைத்தவன்.

"கண்ணு சரியாத் தெரியல ஐயரே. காயிதம் இங்க இருக்கட்டும்" என்றான்.

இரண்டு இரவு தூக்கம் இல்லை. டேங்க் அறை வாசலில் வராத வியர்வை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தது. அங்கே உடம்பு ஒன்றைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த உடம்பைப் பெற்றவள் ஒரு முறை கொடுத்துவிட்டாள், கைநாட்டு வைத்து அவனே ஒரு முறை கொடுத்துவிட்டான். நல்ல பேர் அப்படி இல்லை. இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, இன்னும் சூடு கூட ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவனைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். சபை நிறைந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் கிங்ஸ்லி கூட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். ஐயர் காணிக்கைராஜைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து, ஒலிபெருக்கியை அவன் வாயருகே தாழ்த்தி வைத்தார்.

காணிக்கைராஜ் பீடத்தின் விளிம்பைக் கட்டுப் போட்ட கைகளால் பிடித்துக்கொண்டான். முகங்கள் எல்லாம் ஒரே வெளிச்சக் கலங்கலாகத் தெரிந்தன. அது ஒரு விதத்தில் உதவியாக இருந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றான். "ஐயரு சொன்னது சரியில்ல. நான் என்னை ஒப்புக்கொடுக்கல. நான் மாட்டேன்னு வளையத்த அமுக்குனேன். மூணு எண்ணியும் நிக்கல. இருவத்து மூணு எண்ணுற வரைக்கும் அது என்னை நடத்திட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு மேல இருக்குறவன் பேச்சக் கேக்காம எறங்குனதால நின்னுது. அவ பயந்து எறங்கல. என்னை எறக்கி விட்டா. நான் ஓடுனேன். கேட்டு வரைக்கும் ஓடுனேன். கிங்ஸ்லி பாத்தாரு. அப்புறம் திரும்பிப் போனேன், அது வாஸ்தவம். யாரும் சொல்லிப் போகல."

 கிங்ஸ்லி எழுந்து பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்தான். நடந்துகொண்டே போனை எடுத்தான்.

"தம்பி, போதும். பலவீனமா இருக்க" என்று ஐயர் அவன் தோளைத் தொட்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு ஐயரே." மூச்சு வாங்கினான். "வெளிய நட்டிருக்க கல்லுல இருக்குறதும் சரியில்ல. அவரும் அமுக்குனாரு. நான் பாத்தேன். கேட்டப்போ பாக்கலன்னு பொய் சொன்னேன். பயந்துட்டுத்தான் சொல்லல. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

பெண்கள் பக்கத்தில் யாரோ எழுந்து நிற்பது கலங்கலாகத் தெரிந்தது. குரல் வந்த பிறகுதான் தங்கப்புஷ்பம் என்று தெரிந்தது.

"எத்தன எண்ணுற வரைக்கும்?"

அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நீ இருவத்து மூணுன்ன. அவிய எத்தன எண்ணுற வரைக்கும் அமுக்கிக்கிட்டு இருந்தாவ?"

காணிக்கைராஜ் பீடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"நாப்பது வரைக்கும் எண்ணுனேன்க்கா. அப்ப வாசலத் தாண்டிட்டாரு. அதுக்கு மேல நான் எண்ணல."

தங்கப்புஷ்பம் அழவில்லை. முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இறால் கூடையைத் தூக்குவதற்கு முன்னால் செய்வதைப் போல.

"அப்ப வீட்டுக்கு வரணும்னுதான் பாத்திருக்காவ" என்றாள்.